பல்பின் மேல் பழி

சங்கங்களின் கணக்குகளைப் பரிசீலிக்கச் செல்லுங்கால், சில்லறைச் செலவு வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது நமது வழக்கம். தபால் தலை, துடைப்பம், சுண்ணாம்பு, தேநீர் ஆகியவற்றுக்கிடையே ‘பல்பு’ என்னும் சொல் அளவுக்கு மீறித் தலைகாட்டுவதைச் சில ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். நெசவாளர் சங்கமொன்றில் பொதுத் தறிக்கூடத்திற்கு விளக்குகள் 12. ஓராண்டில் வாங்கிய பல்புகளோ 30க்கும் மேல். அந்த ஆண்டு நாம் எழுதிய ஆட்சேபணை ஒரே வரி: ‘செலவு மிகை; குறைந்த விலைப்புள்ளி பெற்று வாங்குக’ என்பது. காரியதரிசி சொன்னபடியே செய்தார். மறு ஆண்டு பல்பின் விலை குறைந்திருந்தது, எண்ணிக்கையோ கூடியிருந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது.

பிழை நம்முடையது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. பல்பு ஏன் இவ்வளவு விரைவில் போகின்றது என்னும் கேள்வியை நாம் கேட்கவே இல்லை. விலையை மட்டும் கேட்டோம்.

இது அற்பச் செலவைப் பற்றிய பேச்சு என்று எண்ண வேண்டா. அதே கூடத்தில், அதே ஆண்டில், துணியில் குறை கண்டு கூலியைப் பிடித்தம் செய்த பதிவுகளும் இருந்தன. ஒரு நாள் மாலை, வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் தம் தறிக்கு மேல் தொங்கிய வெற்று ஹோல்டரைக் காட்டி, “ஐயா, இது போய் எட்டு நாள் ஆகின்றது. பாவு இழை அறுந்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கின்றேன்” என்றார். கறுப்புப் பாவில் கறுப்பு இழை அறுந்ததை இருளில் காண இளங்கண்களாலும் ஆகாது. காணாத இழை துணியில் கோடாக விழும். கோடு விழுந்தால் கூலி குறையும். சங்கத்தின் விளக்கு அணைந்ததற்கு அங்கத்தினரின் கூலியில் பிடித்தம் செய்திருக்கின்றோம். தணிக்கைக் குறிப்பில் அதற்கென ஒரு தலைப்பும் இல்லை.

பழைய இழை பல்பின் சங்கதியை முதலில் சொல்லிவிடுவோம்; இன்றும் கோழிக்குஞ்சுக் கூண்டிலும் சில பம்புசெட் அறைகளிலும் அது இருக்கின்றது. அதனுள் இருக்கும் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒளிர்கின்றது. அந்தச் சூட்டில் உலோகம் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் கரியாகப் படியும். எங்கே இழை மெலிகின்றதோ அங்கே சூடு மிகும். சூடு மிகுந்த இடம் மேலும் மெலியும். குளிர்ந்திருக்கும் இழையின் தடை, சூடேறிய இழையின் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆதலால், சுவிட்சைப் போட்ட கணத்தில் மின்னோட்டம் பாய்ந்து வந்து தாக்கும். பல்பு போடும்போதே ‘பட்’டென்று போவதன் காரணம் இதுவே. தறியின் அதிர்ச்சியும் அதற்கு ஆகாது. மின் அழுத்தம் நூற்றுக்கு ஐந்து கூடினால் இத்தகைய பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நூற்றுக்குப் பத்து கூடினால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். 1,000 மணி நேரம் எரிய வேண்டிய பல்பு முந்நூறு மணியில் கருகினால், செய்தவனைத் திட்டுவதற்கு முன் கம்பியைப் பார்க்க வேண்டும்.

இப்பொழுது நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது எல்.இ.டி. பல்பு. நீல ஒளி தரும் டையோடைக் கண்டறிந்தமைக்காக ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. 2015 முதல் மத்திய அரசின் உஜாலா திட்டத்தால் அது மலிவு விலையில் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தது. அதில் கருகும் இழை இல்லை. பெட்டியின் மேல் பல்லாயிரம் மணி நேரம் என்று அச்சிட்டிருக்கின்றது. பின் ஏன் ஆறு மாதத்தில் போகின்றது?

போவது பெரும்பாலும் ஒளி தரும் பகுதியன்று. அடிக்கழுத்தில், மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கித் தரும் சிறு சுற்று ஒன்று அடைபட்டுக் கிடக்கின்றது. பல பல்புகளில் அதனுள் மின்தேக்கி ஒன்று, கடைக்காரர் பேச்சில் ‘கண்டன்சர்’, இருக்கின்றது. அதற்குள்ளிருக்கும் திரவம் சூட்டில் உலர்ந்துபோகும். சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் தேர்ந்தவர்கள் கையாளும் கணக்கு. ஆகவே எல்.இ.டி. பல்புக்குச் சூடே சத்துரு. அதை மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டுவதும், தகரக் கூரையை ஒட்டித் தொங்கவிடுவதும், கழுத்தைச் சுற்றிப் பஞ்சுத் தூசு போர்வைபோல் படிய விடுவதும் அதை மெல்லக் கொல்வதற்கு ஒப்பாகும். தறிக்கூடத்தில் மாதம் ஒரு முறை மெயினை நிறுத்தி, உலர்ந்த துணியால் பல்புகளைத் துடைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் அவ்வாறு செய்யும் சங்கத்தை நாம் இன்னும் கண்டோமில்லை.

விலை மிகக் குறைந்த சில வகைகளில் மற்றொரு குறை உண்டு. கம்பியில் மிகுதியாக வரும் அழுத்தத்தை அவை வெப்பமாகவே கழிக்கின்றன. அழுத்தம் ஏற ஏற ஒளி கூடாது. சூடு மட்டும் கூடும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றும் தெரியாது. நாம் எழுதிய ‘குறைந்த விலைப்புள்ளி’ அந்தக் கூடத்திற்குள் கொண்டு சேர்த்தது இந்த வகையைத்தான்.

இனி, காரணத்தைக் கண்டறிவது எவ்வாறு? இதற்கு எந்திரம் எதுவும் வேண்டா. ஒரு பேனா போதும். புதுப் பல்பை மாட்டும்போதே அதன் கழுத்தில் தேதியையும், எந்த இடத்து விளக்கு என்பதையும் எழுதிவிட வேண்டும். மூன்று மாதத்தில் உண்மை தானே வெளிப்படும். ஒரே ஹோல்டரில் மட்டும் திரும்பத் திரும்பப் போகின்றதா? ஹோல்டரே குற்றவாளி. அதனுள் இருக்கும் இரு பித்தளை முனைகளின் வில் தளர்ந்தால் தொடர்பு விட்டு விட்டு ஏற்படும், தீப்பொறி தெறிக்கும், கரி பிடிக்கும், பல்பு ‘மினுக் மினுக்’ என்று கண் சிமிட்டும். அதே ஹோல்டரில் ஐந்தாவது பல்பை மாட்டுவதைவிட ஹோல்டரை மாற்றுவது மலிவு. நூல் கட்டுகள் அடுக்கிய அறையில் தீப்பொறி என்பதன் பொருளை நெசவாளர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெட்டியில் வந்த பல்புகள் வெவ்வேறு அறைகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் போகின்றனவா? அப்போது கடைக்காரரிடம் தாராளமாகச் சண்டையிடலாம். எல்லா அறையிலும், எல்லா வகைப் பல்பும், அண்டை வீட்டிலும்கூடப் போகின்றனவென்றால், காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கின்றது.

வெளியே இருக்கும் காரணந்தான் நம் கிராமங்களில் பெரிது. அதைப் பற்றித்தான் நாம் விரிவாக எழுத விழைந்தோம்.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டு இணைப்பில் அறிவித்த அழுத்தத்துக்கு மேலோ கீழோ நூற்றுக்கு 6க்கு மேல் மாறக்கூடாது என்று வகுத்திருந்தன. 240 வோல்ட் என்று கொண்டால் 226 முதல் 254 வரை. விதிகள் பின்னர் மாறியிருப்பினும், எல்லை என ஒன்று உண்டு என்னும் கொள்கை மாறவில்லை. ஆனால் ஊரில் நிகழ்வது என்ன? டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்டு செல்லும் கம்பியின் கடைக்கோடியில் இருப்பவருக்கு விளக்கு மங்குகின்றது, மோட்டார் ஓடவில்லை. அவர் முறையிட, டிரான்ஸ்பார்மரில் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைக்கின்றனர். கடைக்கோடிக்காரர் பிழைக்கின்றார், டிரான்ஸ்பார்மரின் நிழலில் வாழ்பவரின் பல்பு கருகுகின்றது. இதில் ஒருவரையும் குறை சொல்வதற்கில்லை. கம்பி மெலிந்தது, நீளம் மிகுந்தது. இரவில் பம்புசெட்டுகள் யாவும் ஒருங்கே நின்றவுடன், சுமை இறங்கிய கம்பியில் அழுத்தம் மேலும் ஏறுகின்றது. பம்புசெட் அறையில் இரவெல்லாம் விளக்கை எரிய விடும் விவசாய அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மல்லிகை பறிப்போருக்கு விடியற்காலையில் ஒரு விளக்குப் போனால் சிறு தொல்லையே. சாமந்தி பயிரிடுவோர் நிலையோ வேறு. இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டுக் கட்டும். ஆதலால் பூப்பைத் தள்ளிப்போட விரும்பும் சிலர் வயலில் இரவு விளக்கெரிக்கின்றனர். அங்கே ஒரு வரிசை பல்பு போனால், அந்த வரிசைச் செடிகள் மட்டும் முந்திக்கொண்டு பூத்துவிடும்.

நாம் மேலே சொன்ன தறிக்கூடத்தில் நடந்தது இன்னும் வேறு. மின்சார அலுவலகத்தில் முறையிட்டதன் பேரில் லைன்மேன் ஒருவர் நண்பகலில் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். 232 வோல்ட் காட்டியது. குறையில்லை என்று சொல்லிச் சென்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் பல்புகள் நண்பகலில் எரிவதில்லையே! உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் காரியதரிசி இரவு பத்து மணிக்கு அழைத்து வந்து பார்த்தபோது 268 காட்டியது. அதைவிட முக்கியமான ஒன்றை அவர் கண்ணாலேயே கண்டார். அடுத்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் அந்த வீட்டு விளக்கு மங்கிற்று. அதே கணத்தில் தறிக்கூடத்து விளக்குகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஒன்று மங்க மற்றொன்று பொலிவது நியூட்ரல் தளர்ந்ததன் அடையாளம். மூன்று பேஸ்களுக்கும் பொதுவான அந்தக் கம்பி அற்றுப்போனால், இரு வீடுகள் இரு பேஸ்களுக்கிடையே தொடராகத் தொங்கும். சுமை குறைந்த வீட்டில் அழுத்தம் 400 வோல்ட்டைக்கூட நெருங்கலாம். பல்பு மட்டுமா போகும்? மின்விசிறியும் தொலைக்காட்சியும் போகும். ஒயர் உருகித் தீயும் பிடிக்கும். கம்பத்தில் பார்த்தபோது செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் கையால் முறுக்கி விட்டிருந்தனர். ஈரம் பட்டால் இவ்விரு உலோகங்களும் சேருமிடம் அரிக்கும் என்பது பள்ளிப் பாடமாகும்.

இந்த அடையாளத்தைக் கண்டவர்கள் அக்கணமே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்சார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். எவரும் தாமே கம்பத்தில் ஏறலாகாது. வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், இரவு எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று தேதி வாரியாகக் குறித்து, சங்கத்தின் முத்திரையுடன் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தனி மனிதர் சொன்னால் ‘உங்கள் பல்பு மட்டம்’ என்பார்கள். தெருவில் 40 வீட்டார் எழுதிய கணக்கை அவ்வாறு ஒதுக்க முடியாது.

சங்கங்கள் கூடி விளக்குக்காகப் போராடியது புதிதன்று. 1924இல் ஜெனீவாவில் உலகப் பெரும் பல்பு உற்பத்தியாளர்கள் கூடி, பீபஸ் என்னும் கூட்டணி அமைத்து, சந்தையைப் பங்கிட்டுக்கொண்டனர். பல்பின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று நிறுத்தினர். அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதமும் விதித்தனர். ஸ்வீடன் நாட்டுக் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் இதற்குத் தலைவணங்க மறுத்து, லூமா என்னும் பெயரில் தன் சொந்தப் பல்புத் தொழிற்சாலையை 1931இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. அங்கே பல்பு விலை இறங்கிற்று. பின்னர் ஸ்காட்லாந்துக் கூட்டுறவாளரும் அவர்களோடு சேர்ந்து கிளாஸ்கோவில் ஓர் ஆலை நிறுவினர். நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இழை பல்பின் ஆயுளை நீட்டினால் ஒளி மங்கும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் கூடுதலாகும், ஆதலால் ஆயிரம் மணி என்பது மட்டும் மோசடியாகாது என்று பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழு 1951இல் கருதியது. கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்து வரும் பல்பை வியந்து பேசுவோர், அது தரும் வெளிச்சம் இரவு விளக்கின் அளவே என்பதையும் சேர்த்துச் சொல்வது நலம். ஸ்வீடன் கூட்டுறவாளர் உடைத்தது ஆயிரம் மணியை அன்று. விலையின் மேல் இருந்த பிடியை.

நம் சங்கங்கள் ஆலை தொடங்க வேண்டா. தரக் குறியீடும் எழுத்து மூலமான உத்தரவாதமும் உள்ள பல்பை, பட்டியலுடன், பல சங்கங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். உத்தரவாதக் காலத்துக்குள் போனவற்றைக் குப்பையில் எறியாமல் பட்டியலோடு திருப்பி மாற்றலாம். அந்தத் தறிக்கூடத்தின் மூலையில் ஒரு சாக்கு நிறையப் போன பல்புகளைக் கண்டோம். உத்தரவாதம் முடியாதவை அவற்றுள் பல. பட்டியல் ஒன்றும் அகப்படவில்லை.

கம்பத்து இணைப்பைச் சீர் செய்து, மூன்று ஹோல்டர்களையும் மாற்றிய பின், காரியதரிசி நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் ‘பல்புப் பதிவேடு’ தொடங்கியிருக்கின்றார். குறை கண்ட துணிக்கான பிடித்தப் பதிவுகளின் ஓரத்தில், அன்று அந்தத் தறிக்கு மேல் விளக்கு எரிந்ததா என்று குறிக்கும்படி கேட்டிருக்கின்றோம். இருளில் நெய்ததற்குப் பிடித்த கூலியைத் திருப்பித் தர நிர்வாக சபை தீர்மானம் இயற்றினால், அதை நாம் ஆட்சேபிக்க மாட்டோம்.