ஒட்டுக் கன்றும் ஒரு சிறுவனும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் பங்குகளின் எத்தனையோ இல்லங்களில் துக்க வீட்டின் அமைதி நிலவுகின்றது. பிள்ளை பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டே அவனுடைய வாழ்நாள் முழுவதையும் அளந்துவிடப் பெற்றோர் துடிக்கின்றனர். ஆயின் எந்தத் தேர்வும் அளக்க முடியாத ஆர்வம் ஒன்று ஏழெட்டு வயதிலேயே பிள்ளையின் நெஞ்சில் குடிபுகுந்துவிடுவது உண்டு. அதை விதைத்தவர் யார், பட்டுப்போகாமல் காத்தவர் யார், அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற வரலாறு, ஆசிரியர் தேர்வில் தேறாமற்போன ஒரு குருவானவருடையது. அவர் பெயர் கிரகோர் மெண்டல். பட்டாணிச் செடிகளை வைத்துப் பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டவர் என்று நம் பிள்ளைகளின் பாடநூல்கள் அவரைப் பற்றிக் கூறுகின்றன. அவருடைய வீட்டைப் பற்றியோ அவை ஒன்றும் கூறுவதில்லை.

1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று செக் நாட்டில் உள்ளதுமான ஹைன்சன்டார்ப் என்னும் சிற்றூரில், ஓர் எளிய உழவரின் ஒரே மகனாக அவர் பிறந்தார். அவருக்கு இட்ட பெயர் யோவான். தந்தை அந்தோனி படைவீரராகப் பணியாற்றித் திரும்பியவர். வாரத்தில் மூன்று நாள்கள் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும். எஞ்சிய நாள்களிலேயே தம் நிலத்தைக் கவனிக்க இயலும். அந்தச் சிறு பொழுதிலும் அவர் ஒரு பழத்தோட்டத்தைப் பேணி வளர்த்தார். தாய் ரோசினாவோ தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர்.

அவ்வூர் மக்களின் பங்குத்தந்தை யோவான் ஷ்ரைபர் என்பவர். பழமரங்களைப் பற்றி நன்கு கற்றறிந்த அவர், உயர்ந்த இனங்களின் ஒட்டுக் குச்சிகளை வருவித்துத் தம் மக்களுக்கு வழங்கி வந்தார். ஊர்ப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் மட்டுமன்றிப் பழமரம் வளர்த்தலும் தேனீ வளர்த்தலும் கற்பிக்கப்பட்டன. ஒரு மரத்தின் குச்சியை மற்றொரு மரத்தில் ஒட்டினால், வேர் எதுவாயினும் குச்சியின் இனத்துக்குரிய கனியே கிடைக்கும் விந்தையைச் சிறுவன் யோவான் தந்தையின் தோட்டத்தில் தன் கண்களாற் கண்டான். பங்குத்தந்தையரின் பணி கோயிலோடு முடிந்துவிடுகின்றது என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நின்று செல்வது நன்று. ஷ்ரைபர் அடிகள் மக்களுக்கு நல்ல கனி கிடைக்கட்டும் என்றே குச்சிகளை வழங்கியிருப்பார். அதனால் உலக விஞ்ஞானத்துக்கு என்ன விளையப்போகின்றது என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, பதினொரு வயதில் அவனை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு திரோப்பாவ் நகரின் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தான். விடுதியில் பாதி உணவுக்கே பெற்றோரால் பணம் கட்ட முடிந்தது. மீதிக்கு, ஊரிலிருந்து எப்பொழுதாவது வண்டியில் வந்து சேரும் ரொட்டியும் வெண்ணெயும்தான். 1838ஆம் ஆண்டில் பிரபுவின் வேலையைச் செய்துகொண்டிருந்த தந்தையின் மீது வெட்டிய மரம் விழுந்து மார்பை நசுக்கியது. அதன்பின் அவரால் முன்போல் உழைக்க முடியவில்லை. பதினாறு வயது மகன் பிற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவினான்; அவ்வப்பொழுது நோயிலும் விழுந்தான்.

1841இல் தந்தை நிலத்தை மூத்த மருமகனிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரே மகன் கலப்பையைப் பிடிக்க வரவில்லையே என்று அவர் மனம் நோகாமலா இருந்திருக்கும்? எனினும் மகனை அவர் தடுக்கவில்லை. அப்பொழுது இளைய மகள் தெரேசா, தன் திருமணத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்கு விட்டுக் கொடுத்தாள். அவள் சிறுமி. சீதனம் என்பது ஓர் ஏழைப் பெண்ணுக்கு எத்தகையது என்று நம் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெண்டலின் சாதனைகளைப் பட்டியலிடும் அறிஞர்கள் இச்சிறுமியை ஒரு வரியில் கடந்து செல்கின்றனர். எனக்கோ அவ்வரியில்தான் கண் நிலைக்கின்றது.

1843இல் புருன் நகரிலிருந்த அகுஸ்தீனார் சபை மடத்திற் சேர்ந்து கிரகோர் என்னும் பெயரை ஏற்றார். பிழைப்பைப் பற்றிய ஓயாத கவலையே தம்மை அம்முடிவுக்குச் செலுத்தியது என்று அவரே பின்னாளில் வெளிப்படையாக எழுதி வைத்துள்ளார். இதைக் கொண்டு அவருடைய இறையழைத்தலை ஐயுறுவோர் உண்டு. பசியின் வாயிலாகவும் இறைவன் அழைக்கலாகாதா? நாற்பது ஆண்டுகள் தம் வார்த்தைப்பாட்டில் அவர் நிலைத்திருந்தார் என்பதே அவர்களுக்கு விடையாகும்.

1847இல் குருப்பட்டம் பெற்றார். நோயாளரைச் சந்திக்கும் பணி தரப்பட்டபொழுது, அவர்களுடைய வேதனையைக் காணப் பொறாமல் தாமே நோயுற்றார். மடத்தின் தலைவர் சிரில் நாப் அதைக் குற்றமாகக் கொள்ளாது, அவரை ஆசிரியப் பணிக்கு அனுப்பினார். 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிய மெண்டல் தேறவில்லை. அவர் தடுக்கி விழுந்தது எப்பாடத்தில் என்று கேட்டால் வியப்பீர்கள்: இயற்கை விஞ்ஞானத்தில்! தலைவர் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கற்பித்தார். 1856இல் மீண்டும் தேர்வுக்குச் சென்று, அதை முடிக்காமலே திரும்பினார். ஆகவே 1854 முதல் பதினான்கு ஆண்டுகள் புருன் நகரப் பள்ளியில் தகுதிச் சான்றில்லாத தற்காலிக ஆசிரியராகவே அவர் பணிபுரிந்தார்.

இரண்டாம் முறையும் தேர்வு கைகூடாத அதே 1856இல்தான் மடத்துத் தோட்டத்தில் அவருடைய பட்டாணி ஆராய்ச்சி தொடங்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் உள்ள துண்டு நிலம். மலராத மொட்டைத் திறந்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, வண்டு தீண்டாதவாறு பூவைப் பைகட்டி மூட வேண்டும். எட்டு ஆண்டுகள் இப்பணியைச் செய்தார். ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்தார். உருண்டை விதைச் செடியைச் சுருங்கிய விதைச் செடியோடு சேர்த்தபொழுது, முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டையாகவே விளைந்தன. சுருக்கம் அழிந்துவிட்டது என்றே எவரும் கருதியிருப்பர். அவர் பொறுமையோடு அடுத்த தலைமுறையை எண்ணினார்: 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியாமல் உள்ளே தங்கியிருந்து, பேரப்பிள்ளைகளிடத்தில் மீண்டும் வெளிப்படுகின்றது என்பது இதனால் விளங்கிற்று.

எல்லாம் தந்தையின் தோட்டம் தந்ததே என்று கூறிவிட்டால் அது மிகையாகும். செடிகளை வளர்த்தவர்கள் அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். விதைகளை எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கில் ஓர் ஒழுங்கைத் தேடும் பழக்கம் வியன்னாவில் தாப்ளர் முதலான பேராசிரியர்களிடம் கற்ற பௌதிகத்தாலும் கணிதத்தாலும் வந்தது. ஆனால் தேர்வில் தோற்ற வெட்கத்தோடு வீடு திரும்பிய ஒரு முப்பத்து நான்கு வயதுக் குருவை எட்டு ஆண்டுகள் அத்துண்டு நிலத்தில் குனிந்து நிற்கச் செய்தது எது? கணிதம் மட்டும் அதைச் செய்திராது.

1865ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் புருன் நகர விஞ்ஞானக் கழகத்தில் தம் முடிவுகளைப் படித்தார்; மறு ஆண்டு அவை அச்சேறின. பிரதிகளை அறிஞர்களுக்கு அனுப்பினார். புகழ்பெற்ற தாவரவியல் பேராசிரியர் நேகெலி ஐயத்தோடு விடை எழுதினார். உலகம் பொருட்படுத்தவில்லை. 1868இல் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர், ஆட்சிப் பொறுப்பும் மடங்களின் மீது அரசு விதித்த வரியை எதிர்த்த நெடும் போராட்டமும் அவருடைய நாள்களை விழுங்கின. அப்பொழுதும் தேனீக்களை விட்டாரில்லை, பழமரங்களை விட்டாரில்லை. ஹைன்சன்டார்ப் பள்ளியிற் கற்ற இரண்டும் இறுதிவரை அவருடன் இருந்தன.

1884ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று ஞானியர் திருநாளன்று அவர் உயிர் நீத்தார். 1900இல் மூன்று நாடுகளின் தாவரவியலறிஞர் மூவர் தனித்தனியே அதே விதிகளைக் கண்டு, பழைய ஏடுகளைப் புரட்டியபொழுது, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி அவற்றை எழுதி வைத்திருந்ததைக் கண்டனர்.

தெரேசாவைப் பற்றி ஒன்று கூற வேண்டும். அவளுக்குத் திருமணம் நடந்தது; மூன்று ஆண் மக்கள் பிறந்தனர். தங்கையின் பங்கைப் பெற்றுப் படித்த அண்ணன், தாய்மாமன் முறையில் அம்மூவரின் படிப்புச் செலவுக்கும் உதவினார். அவர்களுள் இருவர் மருத்துவர் ஆயினர்.