அண்ணனை ஒளிக்காதீர்கள்

போதை என்றதும் எங்கோ அயல்நாட்டை நினைக்கிறோம். யானைக்கவுனி முதல் இராயபுரம், வியாசர்பாடி வரை நம் அண்ணன்மாரும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 1980களில் சென்னைக்கு வந்த பிரவுன் சுகரைப் புகையாக உறிஞ்சினார்கள்; 1990களில் ஊசி பரவியது. இன்றோ வலி நீக்கும் மாத்திரையைக் கரைத்து இரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதிலுள்ள மாவும் டால்க் தூளும் நீரில் கரைவதில்லை. இரத்தத்தோடு ஓடி நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைக்கின்றன. அழுக்கு ஊசியால் இதய வால்வில் கிருமி தங்குகிறது. ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. பரவுகிறது. அளவு மீறினாலோ, மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். அருகிலிருப்பவர், "தூங்குகிறான்" என்று விட்டுவிடுவார்! அந்நேரம் மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி போட்டால் பிழைப்பான்.

ஆனால் யார் தூக்கிச் செல்வது? போலீஸ் பயம் ஒன்று. "தங்கைக்கு வரன் வராதே" என்ற கவலை மற்றொன்று. அந்தத் தங்கை நாம்தான். பெற்றோரே, எங்களைக் காரணம் காட்டி அண்ணனை ஒளித்து வைக்காதீர்கள்.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, கஞ்சா, பிரவுன் சுகர் சிறிதளவு வைத்திருந்து பிடிபட்டவரும், தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி செய்கிறோம். அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையில்தான் போதை மீட்புச் சிகிச்சை தருகிறார்கள். கேட்டறிய 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு.