பின்னுக்குப் போற பொத்தானும் எங்கட ஒற்றை வரியும்

போன வருசம் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு லாரவெலில் சின்ன இணையத்தளம் ஒன்று செய்து குடுத்தம். உதவித்தொகைக்குப் பிள்ளைகள் விண்ணப்பிக்கிற தளம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், தாய் தகப்பன்ர மாத வருமானம் எல்லாம் அதில நிரப்ப வேணும். விண்ணப்பிச்ச கனபேரிட்ட வீட்டில கணினி இல்லை. சந்தியில இருக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போய்த்தான் நிரப்பினவை.

ஒரு தங்கச்சி நிரப்பி, அனுப்பி, ஒழுங்கா வெளியேறு பொத்தானையும் அழுத்திப்போட்டு எழும்பியிருக்கிறா. அடுத்து வந்து இருந்தவர் பின்னுக்குப் போற பொத்தானை ரெண்டு தரம் தட்டினார். அவ நிரப்பின விபரம் முழுக்கத் திரையில வந்து நிண்டது. நல்ல காலம், அவர் கடைக்கார அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணை படம் எடுத்து எங்களுக்கு வட்ஸ்அப்பில அனுப்பினார். "தம்பியவை, உங்கட சைட் மற்றாக்களின்ர விபரத்தைக் காட்டுது."

முதலில வெளியேறுகிற பகுதியில்தான் பிழை எண்டு நினைச்சம். இல்லை. அமர்வு உண்மையாகவே முடிஞ்சிருந்தது. அதே பக்கத்தைப் புதுப்பிச்சால் உள்நுழைவுப் பக்கத்துக்குத்தான் போகுது. பின்னுக்குப் போகும்போது மட்டும், பிரவுசர் தன்னட்ட வைச்சிருந்த பிரதியை எடுத்துக் காட்டுது. எங்கட சேர்வரிட்ட அது ஒரு வார்த்தை கேக்கவே இல்லை.

ஏன் வைச்சிருந்தது? நாங்கள் வைச்சிருக்கவேண்டாம் எண்டு சொல்லவில்லை, அதுதான். ஒவ்வொரு பக்கத்தோடயும் சேர்வர் சில வரிகளை முன்னால அனுப்பும். ஹெடர் எண்டு சொல்லுறது. திரையில தெரியாது, பிரவுசருக்கு மட்டும் போற குறிப்பு. அதில கேஷ்-கன்ட்ரோல் எண்ட வரிதான் பிரதியை என்ன செய்யிறது எண்டு சொல்லுறது. லாரவெல் உள்ளுக்குள்ள சிம்ஃபொனியின்ர எச்டிடிபி பகுதியைப் பாவிக்குது. நிரலாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் சிம்ஃபொனி தானாகவே 'நோ-கேஷ், பிரைவேட்' எண்டு போட்டுவிடும். வாசிச்சால் பாதுகாப்பாத்தான் தெரியுது. ஆனால் நோ-கேஷ் எண்டால் சேமிக்காதே எண்டு அர்த்தமில்லை. சேமி, திரும்பப் பாவிக்கமுதல் என்னட்டக் கேள் எண்டுதான் அர்த்தம். பின்னுக்குப் போகும்போது கேக்கவேணும் எண்ட கட்டாயம் பிரவுசருக்கு இல்லை. சேமிக்கவே வேண்டாம் எண்டு சொல்லுற சொல் வேற, 'நோ-ஸ்டோர்'. பெயர் வைச்சவையில எங்களுக்கு இப்பவும் கோபம் இருக்கு.

பிரைவேட் எண்ட சொல்லும் அப்பிடித்தான். இடையில இருக்கிற சேர்வர்கள் பிரதி வைக்கக்கூடாது, அந்த ஆளின்ர பிரவுசர் வைக்கலாம் எண்டு அது சொல்லுது. ஒரு பிரவுசருக்கு ஒரு ஆள் எண்ட கணக்கு. எங்கட சந்தியில ஒரு பிரவுசருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் எண்டு கடைக்கார அண்ணையைத்தான் கேக்கவேணும்.

அண்டிரவே விண்ணப்பப் பக்கத்தின்ர கன்ட்ரோலரில நோ-ஸ்டோர் எண்டு ஒரு வரி போட்டம். அடுத்த நாள் திருத்துற பக்கத்துக்கும் போட்டம். பிறகு பிடிஎஃப் இறக்கிற இடத்துக்கு. மூண்டு கிழமை கழிச்சுப் பார்த்தால், தெரிவுக்குழு பார்க்கிற பட்டியலில ஒருத்தரும் போடவில்லை. எல்லாப் பிள்ளைகளின்ர விபரமும் ஒண்டாக வாற பக்கம் அதுதான். எங்களுக்குள்ள சண்டை தொடங்கினது அதிலதான்.

தேவையான இடத்தில மட்டும் போடுவம், மிச்சத்தைத் தொடக்கூடாது எண்டு எங்களில சிலர் சொன்னவை. எங்கட முடிவு அதுக்கு எதிரானது: பிரதி வைக்காதே எண்ட வரி ஒரே இடத்தில, முழுத் தளத்துக்கும் இருக்கவேணும். வைக்கலாம் எண்டதைத்தான் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு வாங்கவேணும். மறதி ரெண்டு பக்கமும் வரும். திறக்க மறந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாக வரும். மூட மறந்தால் ஒரு பிள்ளையின்ர வங்கிக் கணக்கு வெளியில வரும். இது ரெண்டையும் ஒரே தட்டில வைச்சு நிறுக்க ஏலாது.

லாரவெலில அதுக்கான இடம் மிடில்வேர். கோரிக்கை உள்ள போய்ப் பதிலாகத் திரும்பி வரும்போது வாசலில நிக்கிற ஆள் மாதிரி. 11ஆம் பதிப்பில இருந்து அதை பூட்ஸ்ட்ராப் கோப்புறையில இருக்கிற ஆப் கோப்பில பதியவேணும், அதுக்கு முதல் கேர்னல் கோப்பில. 'வெப்' குழுவில பதிஞ்சால் முழுத் தளத்துக்கும் எண்டு ஆகாது. இல்லாத முகவரிக்கு ஆரும் போனால் வாற 404 பக்கம் அந்தக் குழுவுக்குள்ள போறதே இல்லை. உலகளாவிய பட்டியலில போட்டால்தான் அதுக்கும் ஹெடர் விழும்.

இதில நாங்கள் ரெண்டு தரம் விழுந்தம். முதலாவது, பதிலில 'ஹெடர்' எண்ட செயற்கூறைக் கூப்பிட்டு எழுதினம். எல்லாப் பக்கமும் வேலை செய்தது, பிடிஎஃப் இறக்கிறது மட்டும் 500 எண்டு செத்துப்போச்சு. கோப்பு அனுப்புற பதில் நேரடியாகச் சிம்ஃபொனியின்ர வகுப்பு, அதில அந்தச் செயற்கூறு இல்லை. பதிலுக்குள்ள இருக்கிற 'ஹெடர்ஸ்' பையில 'செட்' பண்ணினால் ரெண்டுக்கும் சரிவரும்.

ரெண்டாவது இன்னும் மோசம், ஏனெண்டால் சத்தம் போடாத பிழை. கேஷ்-கன்ட்ரோல் ஏற்கனவே இருந்தால் விட்டிடு, இல்லாட்டி நோ-ஸ்டோர் போடு எண்டு எழுதினம். எழுதினபோது புத்திசாலித்தனமாகத்தான் தெரிஞ்சது. ஆனால் சிம்ஃபொனி தானாக ஒண்டு போடுது எண்டு மேல சொன்னமே, அதால அது எப்பவும் 'ஏற்கனவே இருக்கு'. எங்கட வரி ஒரு தரமும் ஓடவில்லை. ரெண்டு நாள் நிம்மதியாக நித்திரை கொண்டம். பிறகு ஒருத்தி பிரவுசரின்ர நெட்வேர்க் பகுதியைத் திறந்து பார்த்திட்டு, "என்ன, பழைய வரிதானே நிக்குது" எண்டு கேட்டா. இப்ப நாங்கள் பார்க்கிறது அந்த வரிக்குள்ள 'பப்ளிக்' எண்ட சொல் இருக்கா எண்டு மட்டும்தான். இருந்தால் தொடுறதில்லை.

ரீலோட் போட்டு டேட்டா வாங்கிற ஆக்களுக்கு எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொரு தரமும் திரும்ப இறக்கச் சொல்லுறது அநியாயம்தானே எண்டு அந்தச் சண்டையில ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஆனால் படங்களும் ஸ்டைல் கோப்புகளும் பிஎச்பிக்கு வாறதே இல்லை, என்ஜின்எக்ஸ் நேராக அனுப்பிவிடும். அதுகளில மிடில்வேர் கை வைக்காது. அறிவித்தல் பக்கங்களுக்கு லாரவெலே தாற 'கேஷ்.ஹெடர்ஸ்' மிடில்வேரைப் பூட்டி, பப்ளிக், ஒரு மணித்தியாலம் எண்டு குடுத்தம். அந்தப் பக்கங்களின்ர மேல்மூலையில 'வணக்கம்' சொல்லி ஆளின்ர பெயரைக் காட்டிக்கொண்டிருந்ததை எடுத்துப்போட்டு, அதுகளை 'வெப்' குழுவுக்கு வெளியில கொண்டுவந்த பிறகுதான் குடுத்தம். எல்லாருக்கும் பொதுவான பிரதியில ஒருத்தரின்ர பெயரோ குக்கியோ இருக்கக்கூடாது.

ஒரே இடத்தில எழுதுங்கோ எண்டு சொன்னதும், எங்கயோ கிடந்த பட்டியல் ஒன்றை அப்பிடியே கொண்டுவந்து அந்த இடத்தில ஒட்டுற ஆக்களும் இருக்கினம். நாங்களும் ஒட்டினம். அதில எக்ஸ்-எக்ஸ்எஸ்எஸ்-புரடெக்ஷன் எண்டு ஒரு வரி இருந்தது. குரோம் அந்த வசதியை 2019இலேயே தூக்கிப்போட்டுது, பயர்பொக்ஸ் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. அது சும்மா கிடந்த பாரம். எச்எஸ்டிஎஸ் வரி அப்பிடியில்லை. 31536000 செக்கன், அதாவது ஒரு வருசம், உபதளங்கள் எல்லாம் சேர்த்து எண்டு இருந்தது. அதை வாங்கின பிரவுசர் அந்த ஒரு வருசமும் எங்கட உபதளங்களுக்கு எச்டிடிபிஎஸ் இல்லாமல் போக மறுக்கும். சங்கத்தின்ர பழைய படத்தொகுப்பு சான்றிதழ் இல்லாத ஒரு உபதளத்தில இருந்தது. வெளியில விடமுதல் கண்டதால தப்பினம். உலகளாவிய இடத்தில எழுதிற ஒவ்வொரு வரியும் என்ன செய்யுது எண்டு எழுதினவர் வாயால சொல்லவேணும், சொல்ல ஏலாட்டி வரி போகும் எண்டது இப்ப எங்கட ஒப்பந்தம்.

வேற பிரேம்வேர்க்கிலயும் கதை கிட்டத்தட்ட இதேதான். சிம்ஃபொனியில பதில் நிகழ்வுக்கு ஒரு லிசினர், கோட்இக்னைட்டர் 4இல ஃபில்டர். ஸ்லிமில மட்டும் ஒரு கவனம்: ஹெடர் சேர்த்தால் புதுப் பதில் ஒண்டு வரும், பழையதை மறந்துபோய்த் திருப்பிக் குடுத்திட்டு எங்க ஹெடர் எண்டு தேடக்கூடாது.

மேல சொன்ன என்ஜின்எக்ஸ் விசயத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு. பிள்ளைகள் பதிவேற்றின பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளை நாங்கள் வசதிக்காகப் பொதுக் கோப்புறையில வைச்சிருந்தம். அதுகளும் ஸ்டைல் கோப்பு மாதிரி நேராகத்தான் போகுது. எங்கட மிடில்வேர் அதுகளைக் காணாது, நோ-ஸ்டோர் விழாது, உள்நுழைஞ்ச ஆளா எண்டு கேக்கிறதும் இல்லை. முகவரி தெரிஞ்சால் போதும். இதைக் கண்டுபிடிச்சது வரி எழுதி நாலு மாசம் கழிச்சு, அதுவும் வேற எதையோ தேடப்போய்.

இப்ப அந்தக் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு மாத்தி, கன்ட்ரோலர் வழியாக அனுப்புறம். கடைக்கார அண்ணையிட்டப் போய் அவரின்ர கணினியிலேயே பின்னுக்குப் போற பொத்தானை அழுத்திப் பார்த்தம். உள்நுழைவுப் பக்கம் வந்தது. அந்தத் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்லவேணுமா எண்டு எங்களுக்குள்ள நீட்டுக்குக் கதைச்சு, கடைசியில ரெண்டு பேர் வீட்டுக்குப் போய்ச் சொன்னம். அவ கேட்டது ஒண்டுதான்: "அப்பான்ர வருமானத்தையும் பார்த்தவையோ?"