வெயில் ஊரிலும் பைப் வெடிக்கும்

உறைபனியில் தண்ணீர் பைப் வெடிப்பது கடுங்குளிர்ப் பகுதிகளின் தொல்லை, வெயில் ஊரில் அதற்காகச் செலவழிப்பது வீண் என்ற எண்ணம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வீடு கட்டுபவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், வாங்குபவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். அதற்கு ஏராளமான குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன.

மினசோட்டாவில் ஜனவரி இரவுகள் சர்வசாதாரணமாகப் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி செல்சியஸைத் தொடும். ஆனாலும் அங்கே வீடுகள் தாக்குப்பிடிக்கின்றன. பைப்புகள் சூடான உட்சுவர்கள் வழியே செல்கின்றன. தெருக் குழாய்கள் உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கப்படுகின்றன. டெக்சாஸிலோ பல வீடுகளில் பைப் கூரைக்கடியில் உள்ள வெற்றிடத்திலோ வெளிச்சுவரிலோ ஓடுகிறது. உட்கூரையின் மேல் பரப்பிய வெப்பக்காப்பு வீட்டின் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடுவதால், அதற்கு மேலே கிடக்கும் பைப்புக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. தென் மாநில வீடுகளில் இப்படி உறையில்லாமல் கிடக்கும் பைப்புக்கு, வெளியே வெப்பநிலை ஏறத்தாழ −7 டிகிரிக்கு இறங்கினாலே ஆபத்து என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வு கண்டறிந்தது.

வெடிப்பு நிகழும் விதத்தையும் பலர் பிழையாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் பனிக்கட்டி உருவான இடத்திலேயே பைப் கிழிவது குறைவு. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் பலமடங்கு ஏறுகிறது. பைப் அங்கேதான் பிளக்கிறது. குளிர் இரவில் குழாயைச் சொட்ட விடச் சொல்வதன் முக்கியக் காரணம் இதுவே. ஓடும் நீர் உறையாது என்பதல்ல, அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது என்பதுதான்.

‘எப்போதோ ஒருமுறை வரும் குளிருக்கு இவ்வளவு ஏற்பாடா’ என்பது அடுத்த வாதம். டெக்சாஸில் 1983, 1989, 2011 ஆகிய ஆண்டுகளிலும் கடுங்குளிர் தாக்கியது. 2021 பிப்ரவரியில் டல்லாஸில் −19 டிகிரி பதிவாயிற்று. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமே சூடு தருவது; அது நின்றதும் சுவருக்குள் இருந்த பைப்புகளும் உறைந்தன. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தனர். அந்த மரணங்களை எல்லாம் பைப்பின்மேல் சுமத்த முடியாது. ஆனால் கூரை இடிந்து, வீடு முழுக்க நனைந்து, குடிநீரும் இல்லாமல் தவித்தவர்களின் துன்பத்தில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடியது.

அதைத் தவிர்க்கப் பெரிய செலவும் ஆகாது. கூரைக்கடியிலும் வெளிச்சுவரிலும் ஓடும் பைப்புக்கு நுரை உறை போடலாம். கேபிளும் பைப்பும் நுழையும் துளைகளை அடைப்பது அதைவிட முக்கியம். சிறு துளை வழியே வீசும் குளிர்காற்று ஒரே இடத்தைத் தாக்கி உறையவைத்துவிடும். தோட்டத்துக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி வைக்க வேண்டும். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்று வீடு குளிரத் தொடங்கினால், வால்வை மூடிக் குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது நல்லது. உறைந்த பைப்பை நெருப்பால் சூடாக்கவே கூடாது. பனி உருகும்வரை பிளவு கசிவதில்லை என்பதால், வெயில் வந்த பிறகும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு பைப்பாகப் பார்க்க வேண்டும்.