கண்ணுக்குச் சுத்தமும் உடலுக்குச் சுத்தமும்

சுத்தமான ஆகாரத்தைப் பற்றிப் பட்டணங்களில் இப்பொழுது பேச்சு அதிகம். அதற்கெனத் தனிக் கடைகளும் தனி விலையும் ஏற்பட்டிருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் மிராசுதாரருக்கு இது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். நெல், தென்னை, வாழை, திராட்சை யாவும் தம் நிலத்திலேயே விளைய, அவர் எங்கே போய்த் தேடவேண்டும்? ஆயினும் அவர் வீட்டு இலையில் விழும் சோற்றைக் கவனித்தால் விஷயம் அவ்வளவு சுலபமன்று என்பது விளங்கும்.

1895ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பியது. அந்நீரைக்கொண்டு இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் ஆயக்கட்டாக உள்ளது. நெற்சோறு நித்திய உணவானதில் குறைகூற ஒன்றுமில்லை; குறை ஆலையில் தொடங்குகிறது. அரிசி எவ்வளவு வெளுப்போ அவ்வளவு சுத்தம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டபடியால், உமி நீங்கியதோடு நில்லாமல் தவிடும் முளையும் போகுமட்டும் தீட்டச் சொல்கிறார்கள். சத்துள்ள பகுதி மாட்டுத் தொட்டிக்கும் எண்ணெய் ஆலைக்கும் போக, எசமானுக்கு மாவுப்பண்டம் மிஞ்சுகிறது!

ஜாவாவில் எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு நீங்காத அரிசியால் தேறுவதையும் 1890களிலேயே கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன், பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பயறு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு தின்றவை செழிப்பாகவும், சென்னை மாகாணத்து அரிசி உணவு தின்றவை நலிவாகவும் இருந்தன. பழியனைத்தும் அரிசியின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. பாலும் பயறும் குறைந்ததும் காரணமே. எனினும், தீட்டி நீக்கிய சத்துக்கு ஈடாக, இரும்புச்சத்து முதலியவை சேர்த்த மணிகளை நியாயவிலைக் கடை அரிசியில் கலந்து கொடுக்கும் நிலை ஏற்பட்டதை யோசிக்கவேண்டும்.

நெல்லை வீட்டில் இருப்பு வைத்திருப்பவருக்கு, அரிசி வாங்கி உண்பவருக்கில்லாத சௌகரியம் ஒன்றுண்டு. தவிடுள்ள அரிசி நெடுநாள் வைத்தால் சிக்குவாடை அடிக்கும் என்பது உண்மையே. ஆகவே நெல்லாகவே வைத்து, மாதத்துக்குத் தேவையானதை மட்டும், அதிகம் தீட்டாமல் அரைத்துக்கொள்ளலாம். அது பிடிக்காத வீடுகளில் புழுங்கலரிசியேனும் புழங்கட்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கிவிடுகிறது. பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதுவும் போய்விடும்.

அரிசியில் ஏமாறும் அதே கண், பழத்திலும் ஏமாறுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் புள்ளியொன்று இருந்தால் வியாபாரி விலையைக் குறைக்கிறார். அதற்கஞ்சி மருந்து மேலும் ஒருமுறை தெளிக்கப்படுகிறது. மேலே படிந்தது கழுவினால் ஓரளவு நீங்கும். பழத்துக்குள் ஊடுருவியது நீங்காது. தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விடவேண்டிய நாட்கள் மருந்துடன் வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கின்றன. விலை ஏறிய வாரத்தில் அந்தத் தாளை யார் பார்க்கிறார்கள்?

வீட்டுச் சமையலுக்கென்று மருந்து படாத பாத்தி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளும் விவசாயிகள் உண்டு. அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. எது சுத்தமென்று நன்கறிந்தே, ஒன்றைத் தம் பிள்ளைகளுக்கும் மற்றொன்றை ஊரார் பிள்ளைகளுக்கும் ஒதுக்குகிறார்கள். உள்ளூர்ச் சந்தையில் விற்ற கத்தரிக்காய் அவ்வூர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்கே போய்ச் சேர்வதும் உண்டு.

மருந்து தெளித்த தேதியையும் பறிக்கக்கூடிய தேதியையும் பந்தற்காலில் கட்டிய பலகையில் எழுதிவைக்கச் செலவு ஏதுமில்லை. நிலத்தில் வேலைசெய்யும் ஆட்களுக்கும் அது தெரியும். பழம் வாங்க வருபவருக்கும் தெரியும். கிராம உத்தியோகஸ்தர்கள் பயிர் அடங்கலுக்காக வயலைப் பார்வையிட வரும்போது, அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.