எந்த பெஞ்சு, யார் சொல்வது?

டீக்கடையில் எந்த பெஞ்சில் உட்காரலாம், எதில் கூடாது என்று சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோர்ட்டிலும் பெஞ்சு இருக்கிறது. நம் மேல்முறையீட்டு மனு அங்கே எந்த பெஞ்சு முன்னால் போய் விழும், அதை யார் முடிவு செய்கிறார்கள்? நம் கூட்டங்களில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சுண்டூரை எடுத்துக்கொள்வோம். 1991 ஆகஸ்ட் 6-இல் ஆந்திராவின் அந்த ஊரில் எட்டு தலித்துகளைக் கொன்று, உடல்களைச் சாக்கில் கட்டிக் கால்வாயில் வீசினார்கள். டவுன் கோர்ட்டுக்கு நாங்கள் அலைய மாட்டோம், கோர்ட்டு எங்கள் ஊருக்கு வரட்டும் என்று அந்த மக்கள் போராடி, தனி நீதிமன்றத்தைச் சுண்டூருக்கே வரவழைத்தார்கள். 2007-இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீடு ஐதராபாத் போனது. 2014 ஏப்ரல் 22-இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு எல்லோரையும் விடுதலை செய்தது. விசாரணை எங்கே நடக்கணும் என்பதில் ஜெயித்த மக்களுக்கு, மேல்முறையீட்டை யார் கேட்பது என்பதில் எந்தப் பிடியும் இல்லை.

சட்டத்திலேயே இந்த ஓட்டை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தனி நீதிமன்றம் வேண்டும் என்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 14-ஏ பிரிவு, மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்கு, 90 நாளுக்குள், கூடுமானவரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது. உயர்நீதிமன்றத்தில் யார் முன்னால்? அங்கே சட்டம் வாயை மூடிக்கொள்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. விதி எல்லா மேசைக்கும் ஒன்றுதான். ஆனால் கடன் மனு எந்த மேசைக்குப் போகிறது என்பதிலேயே பாதி கதை முடிந்துவிடும். உச்சநீதிமன்றத்தில் இது இன்னும் கொடுமை. அரசியல் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கிறோம். பல மனுக்களுக்குச் சில நிமிடம்தான். காரணமே சொல்லாமல் ஒரே வரியில் தள்ளிவிடலாம். வழக்கின் உயிர் போவதும் நிற்பதும் அந்தச் சில நிமிடத்தில், அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர் கையில்.

அவரை அங்கே உட்கார வைப்பவர் தலைமை நீதிபதி. ஆங்கிலத்தில் அவருக்கு 'மாஸ்டர் ஆஃப் தி ரோஸ்டர்' என்று பெயர். பட்டியலின் எசமான். (எசமான் என்ற சொல் நமக்குப் புதுசா என்ன!) 2018 ஜனவரி 12-இல் உச்சநீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகளே வெளியே வந்து, முக்கிய வழக்குகள் தேர்ந்தெடுத்த அமர்வுகளுக்குப் போகின்றன என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். அடுத்த மாதமே எந்தத் துறை வழக்கு எந்த நீதிபதிக்கு என்று பட்டியல் வெளியிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அதே துறைக்குப் பல அமர்வுகள் இருக்கும்போது? முடிவு ஒருவரிடம் இருக்க வேண்டாம், கொலீஜியம் சேர்ந்து எடுக்கட்டும் என்று சாந்தி பூஷண் போட்ட வழக்கு அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியானது. எசமான் எசமானாகவே இருக்கிறார்.

இதைப் பேசினால் வக்கீல் நண்பர்கள் உடனே, "அப்போ நீங்களே ஜட்ஜைப் பொறுக்கிக்குவீங்களா?" என்கிறார்கள். இல்லை தோழர். நாமும் பொறுக்க வேண்டாம், எதிராளியும் பொறுக்க வேண்டாம், ஒற்றை ஆளும் பொறுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். காசு உள்ளவன் பட்டியல் மாறுகிற நேரம் பார்த்து மனுப் போடுகிறான். அதற்கு நுணுக்கம் தெரிந்த பெரிய வக்கீல் அவனிடம் இருக்கிறார். கூலிவேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற கிழவிக்கு யார் இருக்கிறார்?

வன்கொடுமை வழக்குகளின் மேல்முறையீட்டுக்கும், மேல்முறையீட்டு அனுமதி மனுவுக்கும் ஒவ்வொரு உயர்நீதிமன்றத்திலும் முன்கூட்டியே அறிவித்த அமர்வுகள் வேண்டும். அவற்றுக்குள் எது என்பதைக் குலுக்கல் சொல்லட்டும். இடையில் வழக்கை மாற்றினால் எழுத்தில் காரணம் வேண்டும். மாற்றும் முன் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்க வேண்டும். வழக்கில் அவர்கள் சொல்வதைக் கேட்கும் உரிமையை 15-ஏ பிரிவு ஏற்கனவே கொடுத்திருக்கிறது. சட்டம் படிக்கிற தோழர்கள் இதை ஒரு மனுவாக எழுதத் தொடங்கலாம். டைப் அடிக்க நான் இருக்கிறேன்.