ஒரு கல்லூரி வகுப்பறையைப் பார்க்க டூரிஸ்ட் வருவது ஏன்? கேரள கலாமண்டலம் சொல்லும் கணக்கு

கேரளா டூர் என்றாலே மூணாறு, ஆலப்புழை படகு வீடு என்றுதான் பிளான் போடுவோம். ஆனா, மலையோ கடலோ இல்லாத செருதுருத்தி என்ற சிற்றூருக்கும் வெளிநாட்டுப் பயணிகள் தேடி வருகிறார்கள். திருச்சூர் மாவட்டத்தில், பாரதப்புழை ஆற்றை ஒட்டி இருக்கும் ஊர் இது. அவர்கள் வருவது ஒரு கல்லூரியைப் பார்க்க. கேரள கலாமண்டலம்!

ஒரு கலைக் கல்லூரி எப்படி சுற்றுலாத் தலமானது? இதில் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை? பார்க்கலாம்.

லாட்டரி பணத்தில் பிறந்த கல்லூரி

1930-ல் கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்த ராஜாவும் சேர்ந்து கலாமண்டலத்தைத் தொடங்கினார்கள். அப்போது கதகளியை ஆதரித்து வந்த பெரிய குடும்பங்கள் நொடித்துக்கொண்டிருந்தன. கலைஞர்களுக்குப் பிழைப்பே கேள்விக்குறி. அதனால் லாட்டரி நடத்தி, அதில் வந்த பணத்தில் பள்ளியை ஆரம்பித்தார்கள்.

இன்று இது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கதகளி, மோகினியாட்டம், கூடியாட்டம், துள்ளல், செண்டை, மத்தளம் என எல்லாவற்றுக்கும் இங்கே தனித்தனிப் பயிற்சி உண்டு.

கோயிலுக்கு வெளியே ஒரு கூத்தம்பலம்

கேரளக் கோயில்களில் கூத்து, கூடியாட்டம் நடக்கும் அரங்குக்குக் கூத்தம்பலம் என்று பெயர். அங்கே எல்லோரும் போய்விட முடியாது. இந்து அல்லாதவர்களை உள்ளே விடாத கோயில்கள் இப்போதும் கேரளாவில் இருக்கின்றன.

கலாமண்டலம் அதே கூத்தம்பலத்தைக் கல்லூரி வளாகத்துக்குள் கட்டியது. வடிவமைத்தவர் டி. அப்புக்குட்டன் நாயர். சென்னை கலாக்ஷேத்ராவில் இருக்கும் கூத்தம்பல பாணி அரங்கமும் இவர் வடிவமைத்ததுதான்.

இதனால் என்ன மாறியது? மதம், சாதி, நாடு எதுவும் பார்க்காமல் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற நிலை வந்தது. மேடை ஏறுபவர்களுக்கும் அப்படித்தான். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கலாமண்டலம் ஹைதரலி இங்கே படித்துத்தான் புகழ்பெற்ற கதகளிப் பாடகர் ஆனார். கூடியாட்டத்துக்கு 2001-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்த பைங்குளம் ராம சாக்கியாரும் இங்கே ஆசிரியராக இருந்தவர்தான்.

டூரிஸ்ட் இங்கே எதைப் பார்க்கிறார்?

ஃபோர்ட் கொச்சியில் தினமும் மாலையில் கதகளி ஷோ உண்டு. விடிய விடிய ஆடும் கலையைச் சுருக்கி, டூரிஸ்ட் நேரத்துக்கு ஏற்ற மாதிரி காட்டுவார்கள். அது ஒரு அறிமுகம்.

கலாமண்டலத்தில் பார்க்கக் கிடைப்பது பயிற்சி. கட்டணம் கட்டினால் காலை வகுப்புகள் நடக்கும் களரிகளைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு இருக்கிறது. ஒரு களரியில் மாணவர் கண்ணை மட்டும் அசைத்துப் பழகிக்கொண்டிருப்பார். இன்னொன்றில் பிள்ளைகள் மரக்கட்டையைத் தட்டித் தாளம் பழகுவார்கள். ஆசான் ஒரே அடியை இருபது முறை திருப்பிச் செய்ய வைப்பார். யாரும் உங்களுக்காக ஆடுவதில்லை. இதை ஹோட்டல் மேடையில் உருவாக்க முடியாது என்பதுதான் இந்த இடத்தின் பலம்.

வருமானம் யாருக்குப் போகிறது?

வருகிறவர் ஷொர்ணூர் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறார், ஹோட்டலில் சாப்பிடுகிறார், ரூம் போடுகிறார். கொச்சி மன்னர் குடும்பத்தின் பழைய அரண்மனை ஒன்று இப்போது ஆற்றங்கரையில் ரிசார்ட்டாக நடக்கிறது. அப்படியே திருச்சூர், குருவாயூர் என்று பயணம் நீள்கிறது. அதாவது, டூரிஸ்ட் செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி கல்லூரி கேட்டுக்கு வெளியேதான் போகிறது. கல்லூரிக்குக் கிடைப்பது நுழைவுக் கட்டணம் மட்டும்.

செலவு? ஒரு கதகளி மேடை ஏற வேண்டுமென்றால் நடிகர், பாடகர்கள், செண்டை, மத்தளம், முகத்துக்குச் சுட்டி போடுபவர், ஆடை அணிவிப்பவர் எல்லோரும் வேண்டும். பாட்டு, மேளம், சுட்டி ஒவ்வொன்றும் தனிப் படிப்பு, அதுவும் பல வருடப் படிப்பு. ஒரு ஆசானுக்கு நான்கைந்து மாணவர்கள்தான் என்றாலும் சம்பளத்தைக் குறைக்க முடியுமா?

2024-ல் வந்த அதிர்ச்சி

2024 நவம்பர் இறுதியில், நிதி நெருக்கடி என்று சொல்லி ஆசிரியர்கள் உள்பட 100-க்கும் மேற்பட்ட தற்காலிக ஊழியர்களைக் கலாமண்டலம் ஒரே உத்தரவில் நீக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு தலையிட்டு, உத்தரவு உடனே ரத்தானது.

வேலை திரும்பக் கிடைத்தது, சரி. ஆனா உலகமே வந்து பார்க்கும் வகுப்புகளை இத்தனை தற்காலிக ஊழியர்களை நம்பித்தான் நடத்துகிறார்கள் என்பது அன்றைக்கு வெளியே தெரிந்துவிட்டது. கலாமண்டலம் கலாசாரத் துறையின் கீழ் வருகிறது. அதைக் காட்டி ஆள் சேர்ப்பது சுற்றுலாத் துறை. செலவு ஒரு பக்கம், பலன் இன்னொரு பக்கம் என்றால் கணக்கு எப்படி நேராகும்?

புது அரங்கம் கட்டுவதும், விளம்பரப் பலகை வைப்பதும் எளிது. சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கை ஆசான்களின் நிரந்தரப் பணியிடங்களுக்கு ஒதுக்குவதுதான் உண்மையான சுற்றுலா முதலீடு. களரியில் ஆசான் இல்லாவிட்டால், டூரிஸ்ட் வந்து பார்ப்பதற்கு வெறும் கட்டடம்தான் இருக்கும்.

போக நினைக்கிறீர்களா?

சென்னையிலிருந்து மங்களூரு போகும் ரயிலில் ஷொர்ணூரில் இறங்கினால் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கோவையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். வேலை நாளில், காலையில் போங்கள். கோடை விடுமுறையில் வகுப்பு இருக்காது, முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது. களரிக்குள் போனதும் போனை சைலண்டில் போட மறக்காதீங்க.